தோளுக்காரர்

அன்று காலை அண்ணன் மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. கால்கள் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

வாசலுக்கு வெளியே எல்லாம் தண்ணீர். செம்பனை மரங்கள் கழுத்து வரை முங்கிக் கிடந்தன. தோட்டத்து லயத்தின் கீழ் வரிசை வீடுகளில் ஜன்னல் மட்டும்தான் தெரிந்தது. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தண்ணீர் படியோடு நின்றிருந்தது. உள்ளே ஈரத் துணியும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு நாற்றம்.

அண்ணனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் கழுவ வேண்டும். சிறுநீரகம் போனவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஒரு முறை ஏற்கெனவே தவறிவிட்டது. அன்றைக்கும் தவறினால் என்ன ஆகும் என்று கழுவுமிடத்துத் தாதி போனில் சொன்னாள். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

ஆம்புலன்ஸ் ஜெராம் சாலையில் வந்து நின்றிருந்தது. அதற்கு மேல் வர வழியில்லை. தீயணைக்கிற போம்பாக்காரர்களின் படகு சுங்கை செம்பிலாங் பக்கம் ஆட்களை ஏற்றப் போயிருந்தது, மதியத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். மதியம் வரை அண்ணன் தாங்குவாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"அத்தே, நம்மளே தூக்கிட்டுப் போயிடலாம்" என்றான் சரவணன். அண்ணனின் ஒரே மகன், லோரி ஓட்டுகிறவன். அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். நான் செரண்டாவிலிருந்து பார்க்க வந்து மாட்டிக்கொண்டவள்.

அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தூக்கிட்டா? என்னைய யாருடா தூக்குறது?"

ஒரு சொல்லுக்கு வந்த போன்

பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதுகிற பக்கத்தில், போன வாரம் அண்ணனைப் பற்றி எழுதும்போது, அவர் முப்பது வருஷம் தோளுக்காரராக இருந்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பத்திரிகையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், தோளுக்காரர்னா வாசகர்களுக்குப் புரியாது. சுமை தூக்குபவர்னு மாத்திடட்டுமா?"

மாற்றினால் அடுத்த வாரத்திலிருந்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மூக்குக்கு மேல் கோபம் வருவது எங்கள் வீட்டுச் சொத்து. பாவம், அந்தப் பெண் கேட்டதில் தப்பில்லை. அகராதியில் தேடினால் கிடைக்கிற சொல் இல்லை அது.

தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில் பாலை வாளிகளில் ஊற்றி, ஒரு கம்பின் இரண்டு முனையிலும் மாட்டி, தோளில் வைத்துத்தான் ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் கம்புக்குக் காண்டா என்று பெயர். மலாய்க்காரர்கள் சொல்வதை நம் ஆட்கள் நாக்குக்குத் தகுந்த மாதிரி ஆக்கிக்கொண்டது. நம் பழைய தமிழிலும் தோளில் சுமப்பதற்குக் காவுதல் என்று ஒரு சொல் உண்டு. காவடி அதிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

காண்டா தூக்கியவர்களுக்குத் தோளில் ஒரு கட்டி இருக்கும். எங்கள் அப்பாவுக்கு இருந்தது. சட்டை போட்டாலும் தெரியும். திருவிழாவில் மாரியம்மனைத் தூக்க ஆள் எடுக்கும்போது, வேலை வாங்குகிற மண்டோர் அந்தக் கட்டியைத் தடவிப் பார்த்துத்தான் எடுப்பாராம். கட்டி உள்ளவன் தோளுக்காரன். அப்படி வந்த பெயர்தான் இது. ரப்பர் போய் செம்பனை வந்து, காண்டாவும் போய், கட்டியும் போன பிறகு பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அம்மனைத் தூக்கிய அதே ஆட்கள்தான் தோட்டத்தில் யார் செத்தாலும் பாடை தூக்குவார்கள். வேறு ஆள் கிடையாது. தீட்டு, அது இது என்று யாராவது கேட்டால், குளித்துவிட்டு வருகிறோம் என்பார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

டவுனிலிருந்து ஒரு முறை திருவிழாவுக்கு வந்த குருக்கள், மைக்கில் "ஸ்ரீபாதம் தாங்கிகள் முன்னே வரவும்" என்று கூப்பிட்டார். யாரும் நகரவில்லை. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் அப்புறம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பாதத்த எங்க தாங்குறோம்? வலிக்கிறது தோளுதான?"

இன்னொரு சொல்லும் இருந்தது. கூலி. நம் தமிழில் அது வேலைக்குக் கையில் வாங்குவது. கடல் தாண்டி வந்ததும் அதையே ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அப்பாவை அப்படி ஒருவன் கூப்பிட்டதை நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தோளுக்காரர் என்று கூப்பிட்டால் அதே மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்புவார். அதனால்தான் அந்தச் சொல்லை மாற்றக் கூடாது என்றேன்.

தட்டு

இதையும் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

அம்மன் கிளம்பிவிட்டால் தப்பும் உறுமியும் காதைப் பிளக்கும். வாயால் சொல்வது எதுவும் கேட்காது. அதனால் அம்மனைத் தாங்கும் இரண்டு தண்டுகளின் முன்பக்கத்தில், முன்தண்டு என்போம், வலப்பக்கம் நிற்கிற ஆள், விரல் முட்டியால் தண்டில் தட்டுவார். அதுதான் உத்தரவு. ஒரு தட்டு என்றால் நட. இரண்டு தட்டு என்றால் தோள் மாற்று. தண்டுக்கு வெளியே நிற்பவர்கள் குனிந்து உள்ளே போய் அடுத்த தோளில் வாங்கிக்கொள்வார்கள். தட்டுவது காதில் விழாது, தோள் எலும்பில் வந்து இறங்கும்.

மூன்று தட்டு அம்மனுக்குக் கிடையாது. அது பாடைக்கு மட்டும். வீட்டிலிருந்து கிளம்பிய பாடை முனியாண்டி முச்சந்திக்கு வந்ததும் நிற்கும். இடப்பக்கம் போனால் சுடுகாடு, வலப்பக்கம் ஜெராம் சாலை. அங்கே மூன்று தட்டு தட்டினால் பாடையை அப்படியே ஒரு சுற்று திருப்புவார்கள். போகிற உயிருக்கு வீட்டு வழி மறக்க வேண்டும் என்று சொல்வார்கள். பெண்கள் அந்த இடத்தோடு நின்று வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

முப்பது வருஷமாக அந்தத் தட்டைத் தட்டியவர் என் அண்ணன் முத்து. அம்மனுக்கும் அவர்தான், பாடைக்கும் அவர்தான். எங்கள் அப்பாவுக்கும் அவர்தான் தட்டினார்.

நாலாவது ஆள்

லயத்தில் பெரும்பாலான பேர் முந்தின நாளே பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். அண்ணன் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டார். கோயிலையும் ஆடுகளையும் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் தங்கியிருந்தார்கள். ஒருவர் மணியம், அண்ணனோடு சேர்ந்து தூக்கியவர், முன்தண்டில் இடப்பக்கம். இன்னொருவர் குமரேசன், பின்தண்டு. பின்தண்டில் அவரோடு நிற்கிற சரவணன் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

மணியண்ணன் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். "படுக்க வெச்சுத் தூக்க முடியாது. உக்கார வெச்சுத்தான் தூக்கணும். அம்மா தண்ட எடுத்துட்டு வரேன்."

பாடை மூங்கில் ஒவ்வொரு தடவையும் புதிதாக வெட்டி, அங்கேயே எரித்துவிடுவது. லயத்தில் நல்ல தண்டு என்று இருந்தது அம்மனுடைய இரண்டு தண்டுகள்தான். கோயில் உத்தரத்தில் மஞ்சள் துணி சுற்றிக் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து, சரவணனின் லோரிக் கயிற்றால் நாற்காலியைச் சேர்த்துக் கட்டினார்கள். அண்ணன் கட்டிலுக்கு மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடிச்சு சரியில்லை என்று கண்ணாலேயே காட்டினார்.

கட்டி முடித்ததும், ஏற மாட்டேன் என்றார்.

"என்னாணே இது? நேரம் ஆகுதுல்ல?"

"விஜயா, இந்த ரோட்டுல நாங்க ரெண்டு பேரத்தான் தூக்கிட்டுப் போயிருக்கோம். ஒண்ணு அம்மா. இல்லாட்டி பொணம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் அம்மா இல்ல."

பயத்தை அவரிடம் காட்டினால் காரியம் கெட்டுவிடும் என்று வாயைப் பெரிதாக்கினேன். "அம்மா ஊரச் சுத்திட்டு வீட்டுக்குத் திரும்பி வராளா இல்லையா? நீயும் திரும்பி வா. ஏறு. கோச்சுக்கிட்டா எங்கிட்ட வரட்டும் அவ, நான் பேசிக்கிறேன்."

குமரேசன் பக்கத்தில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார். "அக்கா, அதெல்லாம் சரி லா. நாலு தோள் வேணும். மூணுதான இருக்கு."

நாலாவது தோள் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அது கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நான் நிக்கிறேன்" என்றேன்.

மணியண்ணன் தண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் பெண்கள் அம்மன் தண்டைத் தொடுவதில்லை. கோலம் போடலாம், மாவிளக்கு எடுக்கலாம், தொண்டை கிழியப் பாடலாம், தண்டை மட்டும் தொடக் கூடாது. எனக்கும் கை ஒரு கணம் நின்றது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அண்ணன்தான் அசைந்தார். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து, மடித்துச் சும்மாடு போல ஆக்கி, என் வலத்தோளில் வைத்தார். "எலும்புல வாங்காத. சதையில வாங்கு" என்றார். பிறகு நாற்காலியில் ஏறிக்கொண்டார்.

முச்சந்தி

முன்னால் மணியண்ணனும் குமரேசனும். பின்னால் நானும் சரவணனும். அண்ணன் இடத்தில் வலப்பக்கம் மணியண்ணன் நின்றுகொண்டார். ஒரு தட்டு தட்டினார். அது என் தோளில் இறங்கியது.

தண்ணீர் முழங்காலில் தொடங்கி இடுப்புக்கு வந்தது. குளிர்ந்து, எண்ணெய் படர்ந்து, ஓலைக் குப்பையும் செம்பனைப் பழமும் மிதந்து வந்தன. சாலை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மணியண்ணன் காலால் தடவித் தடவிப் போனார். எனக்குப் பாரம் இரண்டாவது மின் கம்பம் தாண்டியதுமே பல்லைக் கடிக்க வைத்தது. ஒரு முறை கால் குழியில் இறங்கி நாற்காலி என் பக்கம் சாய்ந்தது. அண்ணன் "ம்" என்று மட்டும் சொன்னார்.

கீழே வைக்க முடியாது என்பதுதான் பெரிய பயம். அம்மனையும் நடுவில் இறக்கக் கூடாது என்பார்கள். அது முறை. இங்கே இறக்கினால் அண்ணன் மூழ்கிவிடுவார்.

அவருடைய மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது. உள்ளே ஏதோ கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். அது நின்றுவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். வேறு எந்தச் சாமியும் நினைவுக்கு வரவில்லை.

முனியாண்டி முச்சந்தியில் சிமெண்டு மேடை முங்கி, சூலத்தின் முனை மட்டும் வெளியே நின்றது. சுடுகாட்டுப் பக்கத்துக் கால்வாய் உடைத்துக்கொண்டு, தண்ணீர் அங்கே குறுக்கே ஓடியது. மணியண்ணன் தண்டுக்கு வெளியே நின்றிருந்தார். ஓட்டம் அவர் காலை வாரியது. ஒரு தடவை முட்டி மடங்கி எழுந்தார்.

"முடியலடா. சரவணா, நீ எளவட்டம், நீ முன்ன வா" என்று கத்தினார்.

சரவணன் முன்னால் வர வேண்டுமானால் நாற்காலியைத் திருப்ப வேண்டும். மணியண்ணன் வேறு எதையும் யோசித்திருக்க மாட்டார். அந்த இடம், தோளில் பாரம், கையில் தண்டு. அவருடைய கை தானாகப் போய்த் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

குமரேசனின் கால்கள் திரும்பத் தொடங்கிவிட்டன. சரவணனுடைய கால்களும். எத்தனையோ பேரை அங்கே திருப்பிய கால்கள். நாற்காலி மெல்லச் சுழல ஆரம்பித்தது.

அண்ணனின் கை நாற்காலிச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. அந்தத் தட்டு யாருக்கானது என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? நான் இரண்டு காலையும் சேற்றில் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றேன். தண்டு என் தோளை அறுத்தது.

"திருப்பாதீங்க" என்றேன். சத்தம் வரவில்லை. "மணியண்ணே, இங்க திருப்பாதீங்க."

அப்போதுதான் அவருக்கு என்ன செய்தோம் என்று உறைத்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். அது அப்படியே விறைத்துப்போனது. தண்ணீர் இழுக்கிறது, முன்னால் போகத் தெம்பில்லை, திரும்பவும் கூடாது. நான்கு பேரும் நட்டுவைத்த கழி மாதிரி நின்றோம்.

தோளில் ஒரு தட்டு இறங்கியது. பிறகு இன்னொன்று.

மணியண்ணனின் இரண்டு கையும் தண்டைப் பிடித்திருந்தன. தட்டியது அண்ணன். நாற்காலியிலிருந்து குனிந்து, பக்கத்துத் தண்டில் முட்டியால் தட்டியிருக்கிறார். இரண்டு தட்டு. தோள் மாற்று.

நால்வரும் ஒன்றாகக் குனிந்தோம். தண்டுக்கு அடியில் புகுந்து உள்பக்கம் எழுந்தோம். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. உள்ளே வந்ததும் இரண்டு தண்டுக்கும் நடுவில் நின்றோம். இரண்டையும் பிடித்துக்கொள்ள முடிந்தது. ஒருவர் தோள் ஒருவர் மேல் முட்டியது, ஓட்டம் யாரையும் தனியாக வாரவில்லை.

அண்ணன் ஒரு தட்டு தட்டினார். நடந்தோம்.

ஜெராம் சாலை வரும்வரை அவர்தான் தட்டிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்தவர்

அன்று ஆஸ்பத்திரியில் ரத்தம் கழுவி, இரவு கண்ணைத் திறந்தவுடன் அவர் கேட்டது, "தோளு எப்படி இருக்கு?"

"வலிக்குது."

"வலிக்கணும். வலிக்கலன்னா நீ சும்மா நின்னுருக்க, மத்தவன் தூக்கியிருக்கான்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க தோளுக்காரி வந்துருக்கா, டீ போடச் சொல்லு" என்பார். டீயை நான்தான் போட வேண்டும், அது வேறு விஷயம்.

பெண் தொட்ட தண்டு என்று கோயில் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தாராம். மணியண்ணன் மஞ்சள் தண்ணீரால் தண்டைக் கழுவிவிட்டு, "அம்மாவும் பொம்பளதான லா" என்றாராம். அந்த வருஷமும் அம்மன் அதே தண்டில்தான் ஊர் சுற்றினாள்.

அண்ணன் அதன் பிறகு இரண்டு தீபாவளி பார்த்தார். போன வருஷம் வெயில் காலத்தில், கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டி வேண்டாம், தோளில்தான் போக வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

சாலையெல்லாம் செம்மண் தூசி. சரவணன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். பாடை முனியாண்டி முச்சந்திக்கு வந்து நின்றது. நாங்கள் பெண்களும் அங்கே நின்றோம். முன்தண்டில் அண்ணன் இடத்தில் குமரேசன் நின்றார். அவர் கையை உயர்த்தினார், இறக்கினார், தட்டவில்லை. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மணியண்ணன் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். "தங்கச்சி, நீ வந்து தட்டும்மா."

"நான் எதுக்குணே?"

"நீயும் தோளுதான?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். பச்சை மூங்கில், கை வைத்தால் குளிர்ந்தது. ஒரு தட்டு தட்டினேன். இன்னொன்று தட்டினேன். கை நின்றுவிட்டது. அன்றைக்குத் தண்ணீரில் நின்ற மாதிரியே நின்றேன். பாடையிலிருந்து அண்ணன் தட்டுவாரா என்று காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

பிறகு மூன்றாவதைத் தட்டினேன். அவர்கள் அண்ணனைத் திருப்பினார்கள்.